கருத்தரங்குக்குப் போனவள்

கருத்தரங்கு என்று சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டேன். தெருவில், சொந்தக்காரர்களிடம், மாமியாரிடம், ராசிபுரத்துப் பக்கம் இருக்கும் என் அம்மாவிடம், எல்லோரிடமும் அதேதான். பினாங்கில் கருத்தரங்கு, ஆறு நாள். தமிழ் படித்தவள் சொன்னால் நம்பக்கூடிய பொய் அது. முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடே 1966இல் கோலாலம்பூரில்தான் நடந்தது. மலேசியாவில் தமிழுக்கு ஏதாவது நடந்துகொண்டேதான் இருக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கும் ஒரு நம்பிக்கை உண்டு. கல்லூரியில் மட்டும் கவனமாக இருந்தேன். எந்தப் பல்கலைக்கழகம், எந்த அமர்வு, தலைப்பு என்ன என்று கேட்டுவிடுவார்கள். அங்கே "செமஸ்டர் லீவுல கொஞ்சம் வெளிய போறேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

பொய் என்னுடையதுமல்ல. என் கணவர் சொல்லிக்கொடுத்தது. அவர் நல்லவர்தான். "போகணும்னா போயிட்டு வா, எதுக்கு என்னைக் கேக்கற" என்று சொல்லக்கூடியவர். நான்கு மாதம் யோசித்துவிட்டு, தனியாக ஒரு வெளியூருக்கு, அதுவும் கடல் தாண்டிப் போகப் போகிறேன் என்று சொன்னபோதும் அப்படித்தான் சொன்னார். ஐந்து நிமிடம் கழித்து, "அம்மாகிட்ட மட்டும் கான்பரன்ஸ்னு சொல்லிடு. சும்மா போறேன்னா அவங்களுக்குப் புரியாது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சும்மா போகிறேன் என்பது எனக்கே அதுவரை சரியாகப் புரிந்திருக்கவில்லை.

நாமக்கல்காரர்கள் ஊர் சுற்றாதவர்கள் அல்ல. லாரியில் காஷ்மீர் வரை போய் வந்தவர்கள் தெருவுக்கு நான்கு பேர் இருப்பார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போர் போடாத மாநிலம் இருக்கிறதா என்று தெரியவில்லை. அசாமில் மழை எப்படிப் பெய்யும், பஞ்சாப் தாபாவில் எந்த ரொட்டி நன்றாயிருக்கும் என்று எட்டாம் வகுப்பைத் தாண்டாத என் பெரியப்பா மகன் சொல்வான். அவனுடைய மனைவி மூன்று முறை திருப்பதி போயிருக்கிறாள், ஒருமுறை சிவப்புப் புடவை கட்டி மேல்மருவத்தூர் போயிருக்கிறாள். எங்கள் பெண்கள் பயணம் போவது சாமிக்கு, சாவுக்கு, மகள் பிரசவத்துக்கு. அவ்வளவு ஏன், எங்கள் ஊர் முட்டைகூட எனக்கு முன்னால் மலேசியாவைப் பார்த்துவிட்டது. 2022 கடைசியில் அங்கே முட்டைத் தட்டுப்பாடு வந்தபோது நாமக்கல்லிலிருந்துதான் ஏற்றிப் போனார்கள்.

2024 டிசம்பர் கடைசியில் போனேன். இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று அதற்கு ஒரு வருடம் முன்பே அவர்கள் அறிவித்திருந்தார்கள். நாமக்கல்லிலிருந்து திருச்சி, திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து பட்டர்வொர்த்துக்கு ரயில், பிறகு பெர்ரி என்று வழி. கோலாலம்பூர் விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பார்த்த பெண் தலையில் துணி சுற்றியிருந்தார், என் மகள் வயதுதான் இருக்கும். நிமிர்ந்து பார்க்காமல் "ஹாலிடே?" என்றார். "எஸ்" என்றேன். முத்திரை குத்தினார். வீட்டில் வாய் வராத உண்மையை முன்பின் தெரியாத அரசாங்கத்திடம் ஒரே சொல்லில் சொல்லிவிட்டேன் என்பது ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறினால் கால் மணி நேரம்கூட ஆகாது, ஜார்ஜ் டவுன் வந்துவிடுகிறது. அந்தக் கால் மணி நேரமும் நின்றுகொண்டே வந்தேன். கடலைப் பார்க்கும்போது, வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், தொல்காப்பியம்தான் ஞாபகத்துக்கு வந்தது. கடல்வழிப் போக்கு பெண்ணோடு சேர்ந்து நடக்கும் வழக்கம் இல்லை என்ற பொருளில் அகத்திணையியலில் ஒரு நூற்பா உண்டு. பதினெட்டு வருடமாக நடத்துகிறேன். உரையாசிரியர்களுக்குள் அதில் வழக்கு. நச்சினார்க்கினியர் அங்கே கடலே இல்லை என்பார். ஓதல், தூது, பொருள் என்ற மூன்று தன்மையான பிரிவுகளைத்தான் அது குறிக்கிறது என்பது அவர் கட்சி. எந்த உரையை எடுத்துக்கொண்டாலும் பெண் வீட்டில்தான் இருக்கிறாள். ஒருமுறை, எலச்சிபாளையத்துப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி, "அப்ப பொம்பளைங்க எங்கயுமே போகலைங்களா மேடம்?" என்று கேட்டாள். "உடன்போக்கு இருக்கே" என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அந்தப் பதிலுக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

சூலியா தெருவை ஒட்டிய சந்தில் ஒரு பழைய கடைவீட்டை அறைகளாகத் தடுத்த விடுதி. ஆட்கள் எல்லோரும் மரியாதையாகத்தான் இருந்தார்கள். இருந்தும் அறைக்குள் போனதும் தாழ்ப்பாளை மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன், நாற்காலியை நகர்த்திக் கதவுக்கு முட்டுக்கொடுத்தேன். கொண்டுபோயிருந்த தட்டுவடையைத் தின்று தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிட்டேன். நாலு மாதமாக யூடியூபில் பார்த்துப் பார்த்து வைத்திருந்த ஊரின் முதல் மாலை இப்படித்தான் கழிந்தது. நாற்பத்தாறு வயதில் நான் மட்டும் படுத்த முதல் அறை அது. கல்யாணத்துக்கு முன் தங்கைகளோடு, எம்.ஃபில் படிக்கும்போது விடுதியில் ஐந்து பேரோடு, பிறகு குடும்பம். தூக்கம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பக்கத்தில் யாரும் மூச்சு விடாத அறையில் எப்படித் தூங்குவது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

காலையில் பதறி எழுந்தேன். மணி ஏழு. இத்தனை நேரமா தூங்கினோம், தண்ணீர் வந்து போயிருக்குமே என்று ஓடப் பார்த்தேன். வெளியே இருட்டு. அப்புறம்தான் கணக்குப் புரிந்தது. மலேசியக் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நாமக்கல்லில் அப்போது நாலரை. இருபது வருடமாக என்னை எழுப்பும் அதே நாலரைதான் கடல் தாண்டி வந்து எழுப்பியிருக்கிறது. எழுந்தாகிவிட்டது, செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. படுக்கை விரிப்பை இழுத்து மடித்தேன். தம்ளரைக் கழுவி வைத்தேன். குளியலறைத் தரையைத் துடைக்கத் துணி தேடிக்கொண்டிருந்தபோதுதான் என்னை நானே பிடித்தேன். பிறகு வீட்டுக்குப் போன் அடித்து, பால் வந்துவிட்டதா, அத்தைக்குச் சர்க்கரை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, சிலிண்டருக்குச் சொல்லியாகிவிட்டதா என்று முக்கால் மணி நேரம் குடும்பம் நடத்தினேன். பேசி முடித்தபோது ஜன்னலில் வெளிச்சம் வந்திருந்தது.

வெளியே இறங்கியதும் கால் எங்கே போயிற்று என்றால், லிட்டில் இந்தியாவுக்கு. இவ்வளவு தூரம் வந்து மல்லிகைச் சரத்தையும் இளையராஜா பாட்டையும் தேடிப் போனதில் எனக்கே கொஞ்சம் கூச்சம்தான். குயின் தெருவில் 1833இல் கட்டிய மாரியம்மன் கோயில். அதிலிருந்து நடக்கும் தூரத்தில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1801இல் தமிழ் முஸ்லிம் வணிகர் தலைவர் காதர் மொய்தீன் எழுப்பியது. காவடித் தண்டில் சோற்றையும் குழம்பையும் தூக்கி விற்ற தமிழ் முஸ்லிம்களால்தான் நாசி கண்டாருக்கு அந்தப் பெயர் வந்தது. எல்லாம் ஆண்கள் போட்ட தடம். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை மூன்று முறை படித்திருக்கிறேன். எனக்குப் பினாங்கு என்றால் அந்த நாவல்தான். ஆண்கள் இரவில் நடப்பார்கள், குடிப்பார்கள், மதுரையை நினைத்துப் பேசுவார்கள். அந்தத் தெருக்களில் ஒரு பெண் சும்மா நடந்துபோவதை அதில் படித்த ஞாபகம் எனக்கு இல்லை.

ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடைக்குள் ஏறினேன். கல்லாவில் இருந்த அம்மா, என் முகத்தைப் பார்த்ததுமே, "பசியாறிட்டீங்களா?" என்றார். மலேசியத் தமிழில் காலை உணவு உண்பது பசியாறுவது. சாப்பிடுவதல்ல, டிபன் பண்ணுவதல்ல. கோபம் ஆறுவதுபோல, புண் ஆறுவதுபோலப் பசி ஆறுகிறது. தமிழ்த் துறையில் இத்தனை வருடம் சொல்லோடு புழங்கியவள்தான், ஆனாலும் அந்தச் சொல் என்னை உட்கார வைத்துவிட்டது. எங்கள் வீட்டில் காலையில் எல்லோருக்கும் போட்டுக் கொடுத்தபின் அடுப்படியில் நின்றபடி நான் விழுங்குவதற்குப் பெயரே கிடையாது.

தோசை கொண்டுவந்து வைத்துவிட்டு, "தனியாவா வந்தீங்க? ஏதும் மாநாடா?" என்று கேட்டார்.

"ஆமாங்க, மாநாடு" என்றேன்.

இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அந்த அம்மாவிடம் பொய் சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை. அவர் என் மாமியாரின் ஒன்றுவிட்ட தங்கை அல்ல. நாளைக்கு ராசிபுரம் பேருந்து நிலையத்தில் என் அம்மாவைப் பார்த்துக் கேட்கப் போவதில்லை. என் கணவர் சொல்லிக்கொடுத்த பொய் என்று சிரித்துக்கொண்டிருந்தேனே, அது எனக்குள்ளேயே வீடு கட்டியிருக்கிறது. சும்மா வந்தேன் என்று சொல்ல வாய் கூசுகிறது. "உங்க வீட்டுல என்ன பண்றாங்க?" என்று கேட்டால் "சும்மாதான் இருக்காங்க" என்று நாள் முழுக்க உழைக்கும் பெண்ணைப் பற்றிச் சொல்வார்கள். அங்கே எளிதாக வரும் சொல், உண்மையாகவே ஒன்றும் செய்யாமல் ஆறு நாள் இருக்க வந்தவளுக்கு வரவில்லை. சும்மா இருப்பதை ஞானத்தின் உச்சம் என்று வைத்த மரபு நம்முடையது. அந்தச் சாமியார்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவர்களைப் பற்றித் தகவல் இல்லை.

அன்றைக்கு இரவு ஒன்பது மணிக்குமேல் சூலியா தெருவில் நடந்தேன். வீம்புக்குத்தான். கைப்பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, துப்பட்டாவை இரண்டு பக்கமும் இழுத்துவிட்டுக்கொண்டு, ஓரமாக. தள்ளுவண்டிகளில் நூடுல்ஸ் புரட்டுகிறார்கள், வெள்ளைக்காரப் பிள்ளைகள் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், சீனக் கிழவி ஒருவர் தெருவோரத்தில் பாத்திரம் கழுவுகிறார். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. தெருமுனை போய்த் திரும்பினேன். மறுபடி போனேன். மூன்றாம் தடவை கைப்பை தானாக இடுப்புப் பக்கம் இறங்கியிருந்தது. இந்த ஊர் பெண்களுக்குப் பாதுகாப்பான சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. இரண்டு நாளில் அதையெல்லாம் சொல்ல முடியாது. ஊரில் என்னைப் பார்க்கும் கண்கள் என்னோடு விமானம் ஏறி வந்திருந்தன, அவை மூன்றாவது நடையில் கொஞ்சம் அசந்துபோயின, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காலை கதவு தட்டப்பட்டது. அறை சுத்தம் செய்யும் பெண். முந்தின நாளே நான் எல்லாவற்றையும் மடித்து வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறார். "ஏன்கா நீங்களே செய்யுறீங்க, அப்புறம் எனக்கு என்ன வேலை?" என்றார் தமிழில். ஐம்பது வயதுக்குக் கிட்டத்தில் இருக்கும். அக்கரையில், பட்டர்வொர்த்துக்கு உள்ளே வீடு. ஒவ்வொரு நாளும் விடிவதற்குமுன் மோட்டார் சைக்கிளில் வந்து பெர்ரி ஏறி இந்தப் பக்கம் வருகிறார். இருபத்தாறு வருடமாக. அம்மாவும் பாட்டியும் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். பாட்டி சேலம் ஜில்லாவிலிருந்து வந்தவராம். சேலத்தில் எந்த ஊர் என்று கேட்டேன். "அதெல்லாம் யாருக்குத் தெரியும், சேலம்னு மட்டும் சொல்லுவாங்க" என்றார்.

கங்காணிகள் ஆள் பிடித்த மாவட்டங்களில் திருச்சி, தஞ்சாவூரோடு பழைய சேலமும் ஒன்று. நாமக்கல்லும் அப்போது அதற்குள்தான். கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வரும். 1938இல் இந்திய அரசாங்கம் கூலிகளை அனுப்புவதை நிறுத்தும்வரை வந்துகொண்டே இருந்தார்கள், பெண்களும்தான். 1920களின் கடைசியில் தோட்டத்தில் ஆணுக்கு ஒரு நாள் கூலி 50 காசு என்றால் பெண்ணுக்கு 40 காசு. கடல் கடக்கும் வழக்கம் பெண்ணுக்கு இல்லை என்று நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன், இந்த அம்மாவின் பாட்டி கடந்திருக்கிறார், இவர் நாளைக்கு இரண்டு தடவை கடக்கிறார். அந்த மாணவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் எங்கள் மாவட்டத்திலேயே இருந்திருக்கிறது.

"நீங்க வேலையா வந்தீங்களாகா?"

"இல்லைங்க. சும்மா வந்தேன். ஊர் பாக்க."

வந்துவிட்டது வாயில். அவர் விரிப்பை உதறுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "சும்மாவா? வீட்ல விட்டாங்களா?" சிரித்தார். "அப்ப பினாங்கு மலைக்குப் போயிட்டு வாங்க. ரயில் நட்டுக்க ஏறும். நல்லாருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க."

"நீங்க போனதில்லையா?"

"எங்க நேரம். வேலை முடிஞ்சா நேரா பெர்ரிதான்."

1923இலிருந்து ஓடும் ரயில் அது. அவரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம் என்று ஊர் திரும்பிய பிறகு ஒரு தோழி சொன்னாள். அப்படி எழுதினால் கதை நன்றாக இருக்கும். அன்றைக்கு அவருக்கு இன்னும் பதினொரு அறை பாக்கி இருந்தது. அவர் விரித்த படுக்கையில்தான் நான் சும்மா இருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததால் விரிப்பு மடிப்பதை நிறுத்தவா தொடரவா என்று தீர்மானிக்க முடியாமல், கடைசி நாள்வரை அரைகுறையாக மடித்தேன்.

மதியம் ஒரு கடையில் சாகோ குலா மெலாக்கா வாங்கினேன். அவித்த ஜவ்வரிசி மேல் பனைவெல்லப் பாகும் தேங்காய்ப்பாலும். ஒரு வெள்ளிக்குப் பத்தொன்பது ரூபாய் என்று முதல் இரண்டு நாள் எல்லாவற்றையும் பெருக்கிப் பெருக்கிப் பார்த்தவள் இதைப் பெருக்காமல் வாங்கினேன். ஏனென்றால் ஜவ்வரிசி எங்கள் வீட்டுச் சாமான். இந்த மண்ணில் அது சாகோ பனையின் தண்டிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் மலாயாவிலிருந்து வரத்து நின்றபோது, 1943 வாக்கில், சேலத்து மாணிக்கம் செட்டியாரும் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து மரவள்ளியில் அதைச் செய்யத் தொடங்கினார்கள். அப்படித்தான் எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு காடாகவும் சேகோ பேக்டரியாகவும் ஆனது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது, 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வரலாற்றில் பெயரோடு இருப்பவர்கள் இரண்டு ஆண்கள். தோல் உரித்தவர்கள் பெண்கள். கிழங்கு வண்டி வந்து கொட்டியதும் குந்தவைத்து உட்கார்ந்து கத்தியால் கீறித் தோலை வழித்து எறிவார்கள், குவியல் தீரும்வரை. என் அம்மா இருபத்தொரு வருடம் அதில் இருந்தார். ஈரத்தில் ஊறி வெடித்த விரல்களால் எனக்குத் தலை பின்னிவிடும்போது முடி சிக்கும், நான் கத்துவேன். நான் பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு முடித்து வந்த அன்றைக்குத்தான் வேலையை விட்டார்.

அந்தக் கிண்ணத்தை வைத்துக்கொண்டே அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அம்மா, கருத்தரங்கெல்லாம் ஒண்ணும் இல்ல. நான் சும்மாதான் வந்தேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் கோழி கத்துவது கேட்டது.

"அது எனக்கு அப்பவே தெரியும்" என்றார். "கூட்டத்துல பேசப் போறவ பட்டுப்பொடவ ஒண்ணாச்சும் எடுத்து வெப்பா. நீ சுடிதாரா அடுக்கிக்கிட்டு இருந்த."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லுவ. எதுக்கு?" பிறகு குரல் மாறியது. "எவ்வளவு செலவாச்சு?"

சொன்னேன். குறைத்துச் சொல்லாமல் சொன்னேன். "ஏயப்பா" என்றார். நான் சம்பாதித்த காசுதானே என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவரும் சம்பாதித்தார், அந்தக் காசில்தான் நான் படித்தேன், அவர் எங்கேயும் போகவில்லை. "அடுத்த தடவ நீயும் வர்றியா?" என்று கேட்டேன். "எனக்கு எதுக்குடி பாஸ்போட்டு" என்றார். அப்புறம் அவராகவே, "அங்கயும் கெழங்குதானா, இல்ல வேறயா?" என்று கேட்டார். பனைத்தண்டு என்று விளக்கினேன். அதற்குத் தோல் எப்படி உரிப்பார்கள், யார் உரிப்பார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

மாமியார் அன்று இரவே கூப்பிட்டார். "கட்டுரை வாசிச்சாச்சா கண்ணு? கைதட்டுனாங்களா?" அவருக்குப் படித்த மருமகள் என்பதில் பெருமை, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அவருடைய குரலில் இருந்த ஆசையைக் கேட்டதும் என் தைரியம் போய்விட்டது.

"நாளைக்குத்தாங்க அத்தை" என்றேன்.

மறுநாள் மலை ரயில் ஏறினேன். ரயில் நட்டுக்கத்தான் ஏறுகிறது.

அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. தினத்தந்தியை முதல் பக்கத்திலிருந்து கடைசி விளம்பரம்வரை விடாமல் படிக்கிறவர் அவர். என் பெயர் போட்டு எந்தப் புத்தகம் வந்தாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இதையும் படிப்பார்.